ஆனைக்குப் பின்னால் மணியோசை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மேல் டிவிஷனுக்கும் கீழே ஃபேக்டரிக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு சாலை. அதில் லோரி ஒன்று போனால் பக்கத்தில் கோழி போகவும் இடம் இருக்காது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் தேயிலைச் சரிவு, ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்த வளைவு. கேமரன் மலையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அதை அழகான சாலை என்று சொல்லிப் படம் பிடிப்பார்கள். அவர்கள் அதில் ஒரு தடவை போகிறவர்கள். நாங்கள் தினமும் போகிறவர்கள்.

அந்தச் சாலைக்கு ஒரு சட்டம் உண்டு. எந்தப் போலீசும் எழுதி வைத்தது இல்லை, நாங்களே வைத்துக்கொண்டது. ஏறி வருகிறவன் வளைவுக்கு முன்னால் இரண்டு ஹாரன் அடிக்க வேண்டும். இறங்கி வருகிறவன் பதிலுக்கு ஒன்று அடித்துவிட்டு, ஒதுங்க இடம் பார்த்து நின்று வழி விட வேண்டும். ஏறுகிறவன் ரொம்பத் தூரத்தில் இருக்கிறான் என்று சத்தத்தில் தெரிந்தால் மட்டும், இறங்குகிறவன் அடுத்த ஒதுக்கம் வரைக்கும் வரலாம். மத்தியானத்துக்கு மேல் மேகம் இறங்கிவிட்டால் நீட்டிய கை தெரியாது. அப்போது எங்களுக்குக் கண் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். காதை நம்பித்தான் வண்டி ஓடும்.

இந்தச் சட்டம் ஒரே ஒரு ஆளைக் கட்டுப்படுத்தவில்லை. அவர் ரொட்டிக்கார மீரான் பாய். ரிங்லெட் டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளின் பின்னால் தகரப் பெட்டி கட்டிக்கொண்டு, ரொட்டியும் தேங்காய்ப்பூ பன்னும் கொண்டுவருவார். கைப்பிடியில் கறுப்பு ரப்பர் பந்து வைத்த ஒரு ஹாரன். அதை அவர் வழி கேட்டு அடிப்பதில்லை, வியாபாரத்துக்கு அடிப்பார். போம் போம் போம் என்று நிறுத்தாமல் அமுக்கிக்கொண்டே வருவார். அவர் ஏறுகிறாரா இறங்குகிறாரா என்று பிள்ளையாருக்கே தெரியாது. அதனால் அந்தச் சத்தம் கேட்டால் எந்த வண்டியாக இருந்தாலும் இருந்த இடத்தில் நின்றுவிடும். பாதிப் பேர் பயத்தில் நிற்பார்கள், பாதிப் பேர் பசியில் நிற்பார்கள்.

பிள்ளையார் என்று சும்மா சொல்லவில்லை. அந்தச் சாலையில் படுமோசமான வளைவுக்குப் பெயரே பிள்ளையார் வளைவுதான். அங்கே ஒரு சின்ன மேடையில் பிள்ளையார் இருக்கிறார். அவரை அங்கே கொண்டுவந்து வைத்தவர் என் அப்பா. ஏன் வைத்தார் என்றால், என் அண்ணன் மாடசாமி அந்த இடத்தில்தான் போனான். மழைநாளில், ஹாரன் கெட்டுப்போன மோட்டாரில், இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் லோரிக்கு அடியில் போனான். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பிறகு ஹாரன் என்ற ஒன்றைப் பற்றி என்னிடம் யாரும் விளையாட்டாகப் பேச முடியாது.

இது எல்லாம் தெரிந்துதான் என்னைக் கட்டினார் சிவசாமி.

எழுபத்தெட்டாம் வருஷம் அவரை மேல் டிவிஷனுக்கு மண்டோராகப் போட்டார்கள். வேலையாட்களை மேய்க்கும் வேலை. காலையில் ஒரு தேயிலைக் காடு, பத்து மணிக்கு இன்னொரு காடு, நடுவில் ஃபேக்டரி என்று ஓட வேண்டும். நடந்து மாளாது என்று ஒரு மோட்டார் வாங்கினார். சாதாரண மோட்டார் இல்லை, ஸ்க்ராம்ப்ளர். திரிங்காப்பில் காய்கறித் தோட்டம் வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கே ஒருவரின் மகன் மலையில் ஓட்டி ஓட்டி அலுத்துப்போய்த் தள்ளிவிட்ட வண்டி. சக்கரத்தில் ஆட்டுப்பல் மாதிரி கட்டை கட்டையாக ரப்பர், புகைக்குழாய் இடுப்பு உயரத்தில், உட்காரும் இடம் அதற்கும் மேலே. அதில் ஏற எனக்குப் பிள்ளையார் மேடைதான் வேண்டியிருந்தது. சேறு, பள்ளம், ஓடை எதுவும் அதற்கு ஒரு பொருட்டில்லை. இவர் அதைக் கழுவித் துடைக்கிற அழகைப் பார்த்து எங்கள் லைன் வீட்டு வரிசை முழுக்கச் சிரித்தது. என்னை அப்படி ஒரு நாள் ஏறிட்டுப் பார்த்திருந்தால் கோவிலுக்கு நேர்ந்திருப்பேன்.

எனக்கு அந்த வண்டியில் பிடித்தது அதன் ஹாரன் ஒன்றுதான். முன்விளக்குக்குக் கீழே, வட்டமாக, வெற்றிலை டப்பா அளவுக்கு இருந்தது. அடித்தால் இரண்டு மலை தாண்டிக் கேட்கும். நான் பிள்ளையார் வளைவுக்கு மேலே கொழுந்து பறித்துக்கொண்டு நிற்கும்போது கீழே இரண்டு சத்தம் கேட்டால், சரி, மனிதர் உயிரோடு வருகிறார் என்று அடுத்த செடிக்கு நகர்வேன்.

அந்த ஹாரனுக்குச் சேறுதான் எமன். முன்சக்கரம் வாரி இறைக்கிற சேறெல்லாம் நேராக அதன் வாய்க்குள்தான் போகும். வாங்கிய ஒரு மாசத்தில் பூனைக்குட்டி மாதிரி முனகியது. இவர் கழற்றிக் குச்சியால் நோண்டி, அடுப்போரம் காயவைத்து மாட்டுவார். இரண்டு நாள் கத்தும். மறுபடி முனகும். ஒருநாள் முனகலும் நின்றது.

"ஹாரன் இல்லாம இந்த மோட்டார் வாசலத் தாண்டக் கூடாது" என்றேன்.

"வேலைக்குப் போக வேணாமா புள்ள?"

"நடந்து போங்க. கால் இருக்குல்ல."

லைனுக்கு ரொட்டி கொண்டுவந்த மீரான் பாய் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டிக்குள்ளிருந்து ஒரு பழைய ரப்பர் ஹாரனை எடுத்து நீட்டினார். "நமக்குப் புதுசு வந்துருச்சும்மா. இத மாட்டிக்கச் சொல்லு. சேறு பட்டாலும் சாகாது, கரண்டும் வேணாம்."

என் வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஸ்க்ராம்ப்ளரில் ரொட்டிக்காரர் ஹாரனா? ஆனால் வாசலில் நான் நின்றிருந்தேனே. வாயை மூடிக்கொண்டு மாட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். நாங்கள் சரிவில் பறித்துக்கொண்டிருந்தோம். கீழே போம் போம் என்று கேட்டது. அடுத்த வரிசையில் இருந்த காளியம்மா, "பாய் இன்னிக்கு வெள்ளனமே வந்துட்டாருடி" என்று கூடையை இறக்கினாள். அவள் இறங்கியதும் அவளுக்குப் பின்னால் நாலு பேர், அந்த நாலு பேரைப் பார்த்து மொத்தக் கூட்டமும் டீ டம்ளரோடு இறங்கியது. சாலைக்கு வந்து பார்த்தால், ரப்பர் பந்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் மண்டோர் நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஜீப்பில் தோட்டத்து உதவி மேனேஜர் சின்ன துரை.

சின்ன துரை நிதானமான மனிதர், கத்த மாட்டார். ஆள் இல்லாத சரிவை ஒரு பார்வை பார்த்தார். டம்ளரோடு நிற்கும் எங்களை ஒரு பார்வை பார்த்தார். "மண்டோர், நீ கொழுந்து பாக்க வந்தியா, ரொட்டி விக்க வந்தியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

போதாதா? அன்று சாயங்காலத்துக்குள் இவருக்கு ரொட்டி மண்டோர் என்று பெயர் விழுந்தது. பெயர் வைத்தவள் காளியம்மா. கூலி வாங்கும் இடத்தில் "ரொட்டி மண்டோர் வர்றாரு, வழி விடுங்க" என்று ஒரு குரல், கோவில் படியில் "மண்டோரே, பன் இருக்கா?" என்று இன்னொரு குரல். எனக்கும் சிரிப்பு வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்த ரப்பர் ஹாரனைக் கழற்றி விறகுக் குவியலில் வீசினார். மின்சார ஹாரனைப் பிரித்துக் கழுவி உயிர் கொடுத்தார். பிறகு ஒரு பெரிய யோசனை கண்டுபிடித்தார். யோசனை வந்தால் அவருக்குப் புருவம் இரண்டும் ஏறிவிடும்.

"இது முன்னால இருக்கறதுனாலதான் சேறு அடிக்குது. சீட்டுக்குக் கீழ, பக்கவாட்டு மூடிக்குள்ள வச்சுட்டா?"

"அங்க எடம் இருக்கா?"

"இருக்கு. வாய மட்டும் பின்னால திருப்பி வைக்கணும்."

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கையை உதறிக்கொண்டு வெளியே வந்தேன். "ஏங்க, வாயக் கொண்டுபோய் முதுகுல வச்சா எதுக்க வர்றவனுக்கு எப்படிங்க கேக்கும்?"

"சத்தம் என்ன கயித்துல கட்டுன மாடா, ஒரே பக்கமா போறதுக்கு? நாலா பக்கமும் போகும்லா."

"ஆனை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேன்னு கேட்டிருக்கேன். எங்க வீட்டு ஆனைக்கு மணியோசையும் பின்னேதான் போல." பக்கத்து வாசலில் காளியம்மா சிரிப்பது கேட்டது.

"முன்னால இருந்தா வாரத்துக்கு நாலு நாள் செத்துக் கெடக்கு. உள்ள இருந்தா தெனமும் அடிக்கும். எது நல்லது? உனக்காகத்தான் புள்ள பண்றேன்."

அவர் சொன்னது பொய் இல்லை. என் அண்ணன் செத்தது ஹாரன் திரும்பியிருந்ததால் இல்லை, அடிக்காததால். அடிக்காத ஹாரனைவிட அடிக்கிற ஹாரன் மேல். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மாட்டி முடித்ததும் அடித்துக் காட்டினார். லைனே கூடிவிட்டது. அப்பா, என்ன சத்தம்! காளியம்மா காதைப் பொத்திக்கொண்டாள். எல்லாரும் பலே என்றார்கள். "இப்ப என்ன சொல்ற?" என்று என்னைப் பார்த்தார். மோட்டார் வீட்டுச் சுவரைப் பார்த்து மூக்கை ஒட்டி நின்றது, நாங்கள் எல்லாரும் அதற்குப் பின்னால் நின்றுதான் கேட்டோம் என்பது அன்றைக்கு ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான்.

நாலைந்து நாள் ஒரு குறையும் இல்லை. வெயில் நாள்கள், வளைவில் கண்ணும் சேர்ந்து வேலை செய்தது. விறகு எடுக்கப் போன நான் அந்த ரப்பர் ஹாரனைப் பார்த்தேன். ஆசையாகக் கொடுத்த மனிதர், அதைக் குப்பையில் போடுவதா? துடைத்து எடுத்தேன். மத்தியானம் பாய் காட்டுக்கு வரும்போது திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று, சாப்பாட்டுத் துணியில் முடிந்து கூடைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அன்றைக்குப் பாய் வரவில்லை.

சாப்பாட்டு நேரம் தாண்டியும் வரவில்லை. காளியம்மா டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ரொட்டி இல்லாத டீயைத் திட்டிக்கொண்டே குடித்தாள். கொழுந்து ஏற்ற மேலே போய்க்கொண்டிருந்த லோரி எங்களிடம் நின்றது. டிரைவர் நல்லுசாமி அண்ணன் தலையை நீட்டினார். நல்ல மனிதர், பெரிய தொந்தி. மத்தியானச் சோறு சாப்பிட்ட பிறகு இரண்டு பன் சாப்பிடாவிட்டால் அவருக்கு அன்றைய பொழுது போனதாகவே கணக்கில்லை.

"தங்கச்சி, பாய் வந்தாரா?"

"வரலண்ணே."

"என்னலா இது, வயிறு கத்துதே. வந்தா எனக்கு ரெண்டு எடுத்து வச்சிரு. திரும்பி வரும்போது வாங்கிக்கிறேன்."

லோரி மேலே ஏறிப் போனது. கொஞ்ச நேரத்தில் மேகம் இறங்கியது. முதலில் எதிர் மலை போனது, பிறகு சாலை போனது, பிறகு காளியம்மா போனாள். குரல் மட்டும் இருந்தது. நான் நின்ற இடம் பிள்ளையார் வளைவுக்கு நேர் மேலே, குரல் கொடுத்தால் எட்டுகிற உயரம். கீழே சாலை இருக்கிறது என்று தெரியும், ஆனால் தெரியாது.

அப்போது கீழே எங்கேயோ இரண்டு ஹாரன் கேட்டது. என் வீட்டுக்காரர்தான். ரொம்பக் கீழே, ஓடைப் பாலத்துப் பக்கம் என்று நினைத்தேன். வர நேரம் ஆகும் என்று கொழுந்தைக் கிள்ளிப் போட்டேன்.

மேலேயிருந்து லோரி பதிலுக்கு ஒன்று அடித்தது. சரி, நல்லுசாமி அண்ணன் இறங்கி வருகிறார். இவர் ரொம்பக் கீழே இருப்பதால் அண்ணன் அடுத்த ஒதுக்கம் வரைக்கும் வந்துவிடுவார். அடுத்த ஒதுக்கம் பிள்ளையார் வளைவைத் தாண்டித்தான் இருக்கிறது. லோரியின் உறுமல் நிற்கவில்லை, கொழுந்து மூட்டைச் சுமையோடு கியரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தது.

அடுத்தபடி என் காதில் விழுந்ததுதான் என் கையை நிறுத்தியது. மோட்டாரின் எஞ்சின். ஸ்க்ராம்ப்ளருக்கு ஒரு தனிச் சத்தம் உண்டு, தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குகிற மாதிரி. அது ஓடைப் பாலத்தில் இல்லை. இதோ, காலடியில், அடுத்த வளைவில் கேட்டது. ஹாரன் அங்கே, எஞ்சின் இங்கே. எப்படி?

மோட்டார் சுவரைப் பார்த்து நின்றதும், நாங்கள் பின்னால் நின்று பலே சொன்னதும் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஹாரன் பின்னால் திரும்பி ஓடைக்குச் சொல்லிக்கொண்டு வருகிறது. மேலே இருக்கிறவர்களுக்கு ஓடையிலிருந்து திரும்பி வருகிற எதிரொலிதான் கேட்கிறது. நல்லுசாமி அண்ணனுக்கும் அதுதான் கேட்டிருக்கும், அதனால் நிற்காமல் வருகிறார். இவரோ, லோரி ஒன்று அடித்துவிட்டது, சட்டப்படி நின்றிருக்கும் என்று நம்பி வேகமாக ஏறுகிறார். நடுவில் பிள்ளையார் வளைவு. என் அண்ணன் போன வளைவு.

"ஏங்க" என்று கத்தினேன். லோரி உறுமலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கீழே ஓட நேரம் இல்லை. தேயிலைச் செடி இடுப்புயரம், இடுக்கில் ஓடினால் தடுக்கும். இந்த உலகத்தில் அந்த நேரத்தில் எனக்கு வேண்டியிருந்தது ஒரு சத்தம், நல்லுசாமி அண்ணனும் நிற்கிற மாதிரி, இவரும் நிற்கிற மாதிரி.

கூடையைத் தரையில் கவிழ்த்தேன். அன்றைய கொழுந்தெல்லாம் கொட்டியது. சாப்பாட்டுத் துணி முடிச்சு விரலுக்கு வரவில்லை, பல்லால் கிழித்தேன். ரப்பர் பந்தை இரண்டு கையாலும் அமுக்கினேன்.

போம். போம் போம். போம் போம் போம்.

எத்தனை தடவை அமுக்கினேனோ தெரியாது. கீழே லோரியின் பிரேக் 'உஸ்ஸ்' என்றது. தகர டப்பாச் சத்தம் சட்டென்று அடங்கியது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அந்த அமைதியில் எனக்கு உயிர் போய்விட்டது. இடித்த சத்தம் கேட்கவில்லை என்பது மூளைக்கு எட்ட வேண்டுமே.

லோரிக் கதவு திறக்கும் சத்தம். அப்புறம் நல்லுசாமி அண்ணன் குரல், ஆவலும் பசியுமாக. "பாய், எங்க இருக்கீங்க? எனக்கு ரெண்டு பன்."

வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு குரல். "பாய், அங்கயே நில்லுங்க, நான் ஏறி வர்றேன்."

என் வீட்டுக்காரர் குரல். உயிரோடு, முழுசாக, கொஞ்சம் எரிச்சலாக. அந்த எரிச்சலைப் போல இனிமையான ஒன்றை என் காது அதுவரைக்கும் கேட்டதில்லை. கொட்டிய கொழுந்து மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எழுந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. சேலை முழுக்கச் செடி கிழித்திருந்தது. சாலைக்கு வந்தபோது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். லோரி மூக்குக்கும் மோட்டார் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு கோரைப் பாய் விரிக்கலாம், அவ்வளவுதான் இடம். பக்கத்தில் மேடையில் பிள்ளையார் எப்போதும் போல உட்கார்ந்திருந்தார். நல்லுசாமி அண்ணன் கையில் எனாமல் டம்ளர் இருந்தது.

"நீ கீழ பாலத்துலதான இருந்த?" என்று அவர் கேட்டார்.

"நான் அடுத்த வளைவுல இருந்துதான அடிச்சேன். நீங்க ஒண்ணு அடிச்சீங்க. நின்னுட்டீங்கன்னு நெனச்சேன்."

"பாலத்துல இருந்து வர்ற சத்தம்டா அது. என் காது பொய் சொல்லாது."

இவர் மெதுவாகத் திரும்பி மோட்டாரின் சீட்டைப் பார்த்தார். அதன் கீழே இருந்த பக்கவாட்டு மூடியைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் இல்லை. பிறகு என்னைப் பார்த்தார். என் கையில் ரப்பர் ஹாரன்.

பெண்டாட்டியாய்ப் பிறந்தவளுக்கு அவ்வளவு நல்ல 'அப்பவே சொன்னேன்ல' வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. மண்டோர் என்றும் பார்க்காமல், நடுச்சாலையில் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவரும் என் கையைத் தட்டிவிடவில்லை. "ஒண்ணும் ஆகல புள்ள. ஒண்ணும் ஆகல" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லும்போது அவர் குரலும் சரியாக இல்லை.

அந்த நேரம் பார்த்து மேகத்துக்குள்ளிருந்து ஒவ்வொருத்தியாக வந்தார்கள். காளியம்மா முன்னால், கையில் டம்ளர். அவளுக்குப் பின்னால் மொத்தக் கூட்டமும் டம்ளரோடு.

"பாய் எங்கடி?"

"பாய் இல்லடி."

"அப்ப ரொட்டி?"

நான் ரப்பர் ஹாரனைத் தூக்கிக் காட்டினேன். லோரியையும் மோட்டாரையும் நடுவில் இருந்த இடத்தையும் பார்த்துக் காளியம்மா புரிந்துகொண்டாள். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிறவள், பேசாமல் வந்து என் சேலையில் ஒட்டியிருந்த இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

நல்லுசாமி அண்ணன் லோரி படியில் உட்கார்ந்து வேட்டியால் முகத்தைத் துடைத்தார். "இன்னிக்கு மட்டும் பாய் நேரத்துக்கு வந்து, நான் பன்னு தின்னுட்டு வந்திருந்தா நின்னிருக்கவே மாட்டேன் தங்கச்சி" என்றார். கொஞ்சம் யோசித்து, "ஆனா நெசமாவே ரொட்டி இல்லையா?" என்று கேட்டார். அப்போதுதான் முதல் சிரிப்பு எழுந்தது. யார் ஆரம்பித்தார்களோ, நிறுத்த முடியவில்லை. இவர் பிள்ளையார் மேடையில் சாய்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அது எல்லாமே சிரிப்புத் தண்ணீர் இல்லை.

சாயங்காலம் வீட்டு வாசலில் மோட்டாரை நிறுத்தினார். இந்தத் தடவை மூக்கு சாலையைப் பார்த்து இருந்தது. பக்கவாட்டு மூடியைக் கழற்றி ஹாரனை வெளியே எடுத்தார். துடைத்து என் கையில் கொடுத்தார்.

"எங்க வைக்கட்டும்? நீயே சொல்லு."

கல்யாணம் ஆகி அவர் என்னிடம் கேட்ட முதல் மோட்டார் யோசனை அது. நான் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தேன். சேறு எதுவரைக்கும் தெறித்திருக்கிறது என்று கறையிலேயே தெரிந்தது, முன்விளக்குக்கு மேலே கறை இல்லை. விளக்குக்கும் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. அங்கே வைத்துப் பிடித்தேன்.

"இங்க. வாய் முன்னாலயே இருக்கட்டும். கொஞ்சம் கீழ குனிஞ்சாப்புல, மழத் தண்ணி நிக்காம வழியும்."

"ஒயரு எட்டாது."

"ஒட்டுப் போடுங்க."

பழைய டார்ச்லைட்டிலிருந்து ஒயர் எடுத்து ஒட்டுப் போட்டார். போல்ட்டுக்கு அளவான தகரம் இல்லை. என் பிஸ்கட் டின் மூடியை வெட்டிக்கொண்டார். சைக்கிள் டியூபில் ஒரு துண்டு அறுத்து ஹாரனுக்குக் கீழே முந்தானை மாதிரி தொங்கவிட்டார், தெறிக்கிற சேறு அதில் படட்டும் என்று. முடிந்ததும் அடிக்கப் போனார்.

"இருங்க" என்று சொல்லிவிட்டு, நான் லைனைத் தாண்டி, தண்ணீர்க் குழாயைத் தாண்டி, சாலைத் திருப்பம் வரைக்கும் நடந்தேன். எதிரில் வருகிறவன் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். "இப்ப அடிங்க" என்றேன்.

அடித்தார். அந்தத் திருப்பத்திலிருந்து கேட்டேன். நேராக என் நெஞ்சில் வந்து விழுந்தது.

மறுநாள் பாய் வந்தார். முதல் நாள் ரிங்லெட்டிலேயே சக்கரம் பஞ்சராகி, ஆள் கிடைக்காமல் நின்றுவிட்டாராம். ரப்பர் ஹாரனைத் திருப்பிக் கொடுத்தேன். கதையைக் கேட்டவர் வாங்கிக்கொள்ளவில்லை. "நான் வராத அன்னிக்கும் என் ஹாரன் வியாபாரம் பாத்திருக்கும்மா. வச்சுக்க. ரொட்டி நேரத்துல மட்டும் அடிச்சிராத" என்றார். நல்லுசாமி அண்ணன் அன்றைக்கு நாலு பன் வாங்கினார், இரண்டு முந்தின நாளுக்கு.

என் வீட்டுக்காரருக்கு ரொட்டி மண்டோர் என்ற பெயர் ஓய்வு பெறும் வரைக்கும் போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் அவர் முகம் சுருங்கியதில்லை. "என்னாலா, பன் வேணுமா?" என்று திருப்பிக் கேட்பார்.

அந்த வாரக் கடைசியில் மறுபடி மேகம் இறங்கியது. நான் அதே இடத்தில், பிள்ளையார் வளைவுக்கு மேலே. எதிர் மலை போனது, சாலை போனது, காளியம்மா போனாள். கூடைக்குள் துணியில் சுற்றிய ரப்பர் ஹாரன் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கை கொழுந்தில் இருந்தது, காது கீழே இருந்தது.

கீழே இரண்டு சத்தம். பாலத்தில் இல்லை, ஓடையில் இல்லை. எந்த இடத்தில் எஞ்சின் கேட்டதோ அதே இடத்திலிருந்து, என் காலுக்கு நேர் கீழே, அடுத்த வளைவிலிருந்து. மேலே லோரி ஒன்று அடித்தது, உடனே அதன் உறுமல் அடங்கி நின்றது.

"உன் ஆனை வருதுடி" என்றாள் காளியம்மா மேகத்துக்குள்ளிருந்து.

முதலில் சத்தம் வந்தது. அதற்குப் பிறகுதான் அவர் வந்தார்.